அத்திவாரம் மட்டும்

ஜனவரி முதலாம் திகதி மத்தியானம், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இந்த வருடத்து இலக்கைக் கொப்பியில் எழுதினான் இம்தாத்: 'மகளுக்கு மாடி வீடு.'

படுத்திருந்த நஸ்மியா எட்டி வாசித்தாள்.

"ஒரு வருசத்துல மாடி ஊடா? நடக்கிற காரியமா எழுதுங்க."

"ஊடில்லாம நம்மட ஊருல ஆரு மாப்பிள்ள தருவாங்க? உன்ட வாப்பா கட்டித் தந்த ஊட்டுக்குத்தானே நானும் வந்த."

"அத வாப்பா எத்தின வருசமாக் கட்டினார்? இந்த வருசம் அத்திவாரம் மட்டும் போடுவம்."

அவன் மாடியை வெட்டிவிட்டு, அத்திவாரம் என்று எழுதினான். சுவரை அடுத்த வருடத்துக்குத் தள்ளினான்.

"எத்தின அறை?"

"மூணு போதும். கிணத்துப் பக்கம் நம்ம ரெண்டு பேருக்கும் சின்னதா ஒண்டு."

"மாப்பிள்ளைட உம்மா மேல்மாடி இல்லையா எண்டு கேட்டா?"

"கேக்கட்டும். நம்மளால ஏலுமானதத்தான் செய்யலாம்." நஸ்மியாவின் குரல் தாழ்ந்தது. "மெல்லக் கதைங்க, மகள் நித்திர."

"கலியாணத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"வருசத்துக்கு ஒரு வேல செஞ்சா முடியும், இன்ஷா அல்லாஹ்."

அவன் திருப்தியோடு கொப்பியை மூடினான்.

அப்போது வார்டுத் தாதி பதிவுப் புத்தகத்தோடு வந்தாள். நஸ்மியாவின் பக்கத்தில், நேற்றுப் பின்னேரம் பிறந்த குழந்தை துணிச் சுற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"மகளுக்கு என்ன பேர்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதப்பத்தி இன்னும் யோசிக்கல்ல மிஸ்," என்றான் இம்தாத்.