குழியின் அளவு

காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கிற அடைகல், பேருக்குத்தான் கல், முழுக்க இரும்பு. அது பதிந்திருந்த புளியங்கட்டையில் இப்போது சதுரமாக ஒரு குழி மட்டும் இருந்தது. கல்லோடு கொல்லன் கார்மேகத்தையும் காணவில்லை.

“கல்லையும் எடுத்துட்டுப் போயிருக்காருன்னா, வெளியூர்ல பட்டறை போடத்தானே அண்ணே?” என்றாள் அவன் மனைவி செங்கமலம்.

அவளுடைய அண்ணன் நாகலிங்கம் மண்டியிட்டுக் குழியைச் சாணால் அளந்தான். விளக்கிச் சொல்வதென்றால் அவனுக்குத் தனி உற்சாகம். “இங்க பாரு, ரெண்டு பக்கமும் முக்கால் சாண். குழியோட அடிக்கும் மாப்ள அடிக்கிற கை உயரத்துக்கும் நடுவுல ஒரு சாண், அதுதான் கல்லோட உயரம். இரும்பு தண்ணியைவிட எட்டு மடங்கு கனம். ஆக, ஒரு சிமெண்ட் மூட்டை. மூட்டையாவது தோள்ல படிஞ்சு உக்காரும், இது எலும்பைக் குத்தும். சைக்கிளும் இங்கதான் நிக்குது. இழுத்த தடமும் இல்ல. அப்போ கையால அணைச்சுத்தான் தூக்கியிருக்காரு. எப்பேர்ப்பட்ட ஆளும் அப்படி ரொம்ப தூரம்...”

பட்டறைக்குப் பின்னால் கிணறு தெரிந்தது. வாளி கரையில் கவிழ்ந்து கிடந்தது. ராட்டினத்தில் கயிறு இல்லை.

“ரொம்ப தூரம்?” என்றாள் செங்கமலம்.

நாகலிங்கம் குழியை மறுபடி அளந்தான், இந்த முறை விரல்களைக் குறுக்கிக்கொண்டு. “தப்பாச் சொல்லிட்டேன் தங்கச்சி. சின்னக் கல்லுதான். இருபது கிலோ தேறாது. பஸ்லயே கொண்டுபோயிருப்பாரு.”

செங்கமலம் கிணற்றுப் பக்கம் திரும்பினாள். அந்தக் கல்லைக் கட்டையில் ஏற்றிய அன்று மறுபக்கம் பிடித்துத் தூக்கியவள் அவள்தான்.