கறுப்புப் பட்டை

மருத்துவ ஆய்விதழில் பக்கம் வடிவமைக்கும் அவருக்கு விதிகள் அத்துப்படி. நோயாளியின் படத்தில் கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைக்க வேண்டும். நோயாளியின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும்.

அன்று ஒரு பெண்ணின் படத்துக்கு, முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் பழக்கத்தில் பட்டை போட்டு அச்செடுத்தார். தாளில் பட்டை மூக்கின்மேல் கிடந்தது. அதற்கு மேலே கண்கள் திறந்திருந்தன. திரையில் பட்டையைச் சற்று ஏற்றி மறுபடி அச்செடுத்தார். இப்போது பட்டை நெற்றிக்குப் போயிருந்தது. கண்கள் கீழேயிருந்து அவரையே பார்த்தன. திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிரிண்டரைத் திட்டிவிட்டுப் பக்கத்து அறை பிரிண்டரில் எடுத்தார். அதிலும் அதே கதைதான்.

கட்டுரை எழுதிய டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், இந்தம்மா கண்ணை மூடியிருக்கற படம் ஏதாவது இருக்குங்களா?"

"அதுலயே மூடித்தானே இருக்காங்க. உயிர் போனப்புறம் எடுத்த படங்க அது."

"அப்ப ஒப்புதல் கையெழுத்து?"

"கேக்கறதுக்கு அவங்களுக்கு யாரும் இல்ல. நானே போட்டுட்டேன்."

அவர் இதழாசிரியர் அம்மாவிடம் ஓடினார். அந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "சாயங்காலம் அச்சுக்குப் போயாகணும். முகம் முழுக்க மறைச்சுடுங்க, அவ்வளவுதான்."

பட்டை போடத்தான் அவருக்கு அதிகாரம், படத்தையே நீக்க இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை பட்டையை அகலமாக்கி மறுபடி அச்செடுத்தார். முகம் தெரியவில்லை. அப்பாடா என்று நிமிரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பட்டையின் மேல்விளிம்பை உள்ளேயிருந்து நான்கு விரல்கள் பிடித்திருந்தன.