மகுடபதி எழுதிய ஆறுதல்

'டீக்கடை பெஞ்சு' என்ற கைபேசி அரட்டைக் குழுவில் மகுடபதிதான் பெரிய வாயாடி. தேர்தல், கிரிக்கெட், வீட்டில் தீய்ந்துபோன ரசம் என்று எதையும் விடமாட்டார். ஆனால் அவர் அந்தக் குழுவைத் திறந்தே மாதக்கணக்காகிறது. அவரைப் போலவே அங்கே அரட்டையடிப்பது, அவர் பேச்சைப் பழகிக்கொண்டு அவர் பெயரில் தானாகவே எழுதும் 'பதிலி' என்ற கைபேசிச் செயலி. எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று அவரும் வைத்துக்கொண்டார்.

ஒரு கல்யாணத்துக்காக ஈரோடு வந்தவர், குழுவில் தன்னோடு மல்லுக்கட்டும் சென்னியப்பனைப் பார்க்க ஜிலேபியோடு கிளம்பினார். கதவைத் திறந்தது சென்னியப்பனின் மனைவி பரிமளா. கூடத்தில் சென்னியப்பனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"மகுடபதி அண்ணனுங்களா? குழுவுல உங்க படம் பார்த்திருக்கேன், வாங்க. எழவுக்கு வர முடியலைன்னு வருத்தப்படாதீங்க. நான் குழுவுல சேதி போட்டதும் முதல்ல வந்தது உங்க ஆறுதல்தானுங்க. அதைப் படிச்ச பிறகுதான் ஒரு வாய் சோறு எறங்குச்சு."

ஜிலேபிப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார் மகுடபதி. எழுதியது பதிலி என்ற உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"மனசுல பட்டதை எழுதினேம்மா."

"நீங்களும் அவரும் ஊட்டி மழையில மாட்டிக்கிட்ட கதையை எழுதியிருந்தீங்களே, அதைப் புள்ளைங்க தெனமும் படிக்கச் சொல்லிக் கேக்குதுங்க. ஒருக்கா உங்க வாயால சொல்லுங்கண்ணா."

இரண்டு பெண் குழந்தைகள் ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்தார்கள். மகுடபதி சென்னியப்பனை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நல்ல மழை" என்று தொடங்கினார்.