வருஷம் முடியாத ஆள்

தகர டப்பா கல்லா மேசையில் தடாலென்று கவிழ்ந்தது. சிவகாசிக்குப் பட்டாசு லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள், ஓட்டலில் சாப்பிட்ட இலையோரம் ஒரு வருஷமாக வைத்துப்போன இனாம். நாளை தீபாவளி.

"எனக்கும் பங்கு குடுங்கண்ணே. பிள்ளைக்குத் துணி எடுக்கணும்" என்றாள் பாத்திரம் கழுவும் இருளம்மாள்.

சர்வர் கண்ணுச்சாமி சிரித்தார். "சேந்து வருஷம் முடியாத ஆளுக்குப் பங்கு கிடையாது தாயி."

அப்போது முதலாளி வேறொருவரோடு உள்ளே வந்தார். "கண்ணுச்சாமி, ஓட்டலை இவுகளுக்கு வித்துட்டேன். இனி இவுகதான் முதலாளி."

புது முதலாளி காசைப் பார்த்தார். "இது யாருக்கு?"

கண்ணுச்சாமி இருளம்மாளை முறைத்தபடி சொன்னார். "வருஷம் முடிஞ்ச ஆளுகளுக்கு மட்டுந்தான் முதலாளி. புது ஆளுக்குக் கிடையாது."

"நல்ல சட்டம்." காசை டப்பாவுக்குள் வழித்துப் போட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் புது முதலாளி.

"எங்கிட்ட நீங்க எல்லாரும் இன்னைக்குத்தான வேலைக்குச் சேந்திருக்கீக."