மணல் காப்பாற்றிய சத்தியம்

ஆறாம் வகுப்பு டீச்சர் ஒரு தட்டில் மணலையும் உப்பையும் இரும்புத்தூளையும் கொட்டிக் கலந்து, "இதையெல்லாம் எப்படிப் பிரிப்பீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

தட்டில் இருந்த மூன்றுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "யார் வந்தாலும் நாம பிரியவே கூடாது" என்று சத்தியம் செய்துகொண்டன. இரும்புத்தூள்தான் ரொம்பச் சத்தமாகச் செய்தது.

டீச்சர் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் முதலில் தாவியதும் அதுதான். "ஒரு மரியாதைக்கு எட்டிப் பார்க்கப் போறேன், இதோ வந்துடறேன்!" என்று காந்தத்தில் தொங்கிக்கொண்டே கத்தியது.

"பார்த்தியாடா உப்பு, அவன் லட்சணத்தை?" என்றது மணல்.

"அவன் கிடக்கிறான் விடு. உனக்கு நான் இருக்கேன்ல" என்றது உப்பு. டீச்சர் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். உப்பு இருந்த இடம் தெரியவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் வடிதாளில் ஊற்றினார். உப்புத்தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. மணல் மட்டும் மேலே நின்று நெஞ்சை நிமிர்த்தியது. "சொன்ன சொல்லைக் காப்பாத்தினது நான் ஒருத்தன்தான். பார்த்தியா தம்பி?"

வடிதாள் கேட்டது: "அது சரிண்ணே, உங்களை யாராச்சும் கூப்பிட்டாங்களா?"