வெள்ளாயியின் துப்பாக்கி

நரிக்குப் பயந்து அந்தக் காட்டில் வளைக்கு வளை துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஒரு மாலை, வாசலில் ஏதோ சரசரக்கவும் முயல் வெள்ளாயி கதவோடு சேர்த்துச் சுட்டுவிட்டாள். திறந்து பார்த்தால், பக்கத்து மரத்து அணில் குட்டி. உருண்டு வந்த பந்தை எடுக்க வந்தது, வால் நுனி போய் அலறிக்கொண்டிருந்தது. உயிர் தப்பியதே பெரிது.

விடிந்ததும் வெள்ளாயி துப்பாக்கியை ஏரியில் எறியக் கிளம்பினாள். வழியில் முள்ளம்பன்றி மாடசாமி மறித்து விவரம் கேட்டார்; சொன்னாள்.

"இதைத் தொலைச்சுட்டு, நாளைக்கு நரி வந்தா என்னம்மா பண்ணுவே?"

"கத்துவேன். கத்தினா நீங்க ஓடி வருவீங்களாண்ணே?"

மாடசாமி தன் வளைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வருவேன்மா," என்றார். "கொஞ்சம் இரு, என்னோடதையும் எடுத்துட்டு வந்துடறேன்."