உள்ளே மேஜர், வெளியே ரஞ்சிதம்

"கதவத் தொறங்க! மழ பெய்யுது லா!"

ரஞ்சிதம் மூன்றாவது முறையாகத் தட்டினாள். தாழ்ப்பாள் போட்டிருப்பது அவள் கணவன் தர்மேந்திரன். அவனோடு உள்ளே இருப்பது மேஜர். மேஜர் என்பது நாய்.

பக்கத்து வீட்டுத் தங்கம்மா சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இன்னிக்குமா? பொண்டாட்டி வெளிய, நாய் உள்ள. நல்லா இருக்குடி ஒங்க வீட்டு நியாயம்!"

 ரஞ்சிதம் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு படியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே தேயிலைச் சரிவெல்லாம் பனியில் மறைந்து கிடந்தது.

தர்மேந்திரன் மலேசியப் பட்டாளத்துக்காரன். இளவயதில் அமைதிப்படையோடு போஸ்னியாவுக்குப் போய் வந்தவன். ஓய்வு பெற்றபின் எஸ்டேட் தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரிங்லெட் ரோட்டில் ஒரு லோரியின் டயர் அவன் பக்கத்திலேயே வெடித்தது. குண்டு விழுந்ததென்று சாக்கடைக்குள் குப்புறப் படுத்தவனை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கி வந்தார்கள்.

அன்றிலிருந்து அவனால் தனியாக இருக்க முடியவில்லை. ரஞ்சிதம் குளிக்கப் போனால்கூடக் கதவோரம் நின்று பேசிக்கொண்டே இருப்பான். அவள் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் சத்தம் நின்றால் அவனுக்கு உடம்பெல்லாம் உதறும்.

கொழுந்து பறிக்கும் வேலையை அவள் விட்டாள். தானா ராத்தா டவுன் பக்கம் போயே வருஷக்கணக்காகிவிட்டது. ஜொகூரில் மகள் மலர் பெற்றெடுத்த பேத்தியைக் கைப்பேசியில்தான் பார்த்தாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஈப்போவிலிருந்து மேஜர் வந்தது. முன்னாள் வீரர்களுக்கென்றே பழக்கிய நாய். அவன் கை நடுங்கத் தொடங்கினால் ஓடி வந்து மடியில் தலையை அழுத்தும். தூக்கத்தில் அலறினால் முகத்தை நக்கி எழுப்பும். அது வந்த பிறகுதான் ரஞ்சிதம் விடியும்வரை தூங்கினாள்.

ஆனால் இந்த இரண்டு வாரமாகப் புதுக்கூத்து. சாயங்காலமானால், "கொஞ்சம் வெளிய இரு" என்று அவளை அனுப்பித் தாழ் போட்டுவிடுகிறான். முதல் நாள் ஐந்து நிமிஷம். அப்புறம் கால் மணி. அப்புறம் அரை மணி. ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

எங்கேயாவது போய்த் தொலையலாம் என்றால் கால் நகரவில்லை. உள்ளே ஏதாவது ஆகிவிட்டால்?

எழுந்து சன்னல் இடுக்கில் பார்த்தாள். அவன் தரையில் உட்கார்ந்து நாயைக் கட்டிப் பிடித்திருந்தான். கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். அவன் திரும்பவே இல்லை.

அவள் மறுபடி படிக்கு வந்தாள். என்னைவிட நாய் பெரிசாகிவிட்டது.

லய வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. நாயைக் கொடுத்த நிலையத்துப் பெண் வசுமதி, குடையும் கோப்புமாக இறங்கினாள். மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவள்.

"என்னக்கா, மழையில நிக்கிறீங்க?"

"நீயே வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இந்த நாய எடுத்துட்டுப் போயிடும்மா!" ரஞ்சிதம் உடைந்து அழுதாள். "மூணு வருஷமா ஒரு அடி நகராம பாத்தேன். இப்ப என்னையே வெளிய தள்ளிட்டாரு. வீட்டு ஆளு கையெழுத்துப் போட்டா நாயத் திருப்பி எடுத்துக்குவோம்னு சொன்னீல்ல? பேப்பர குடு, போடுறேன்."

வசுமதி மூடிய கதவைப் பார்த்தாள். "எவ்வளவு நேரமா உள்ள இருக்காரு?"

"நாலு மணிக்குப் போட்ட தாழு. அஞ்சாகப் போகுது."

"நீங்க இல்லாமலா? ஒரு மணி நேரமா?"

"அதான் அந்த நாய் இருக்கே!"

வசுமதி குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். "அவரு ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியாக்கா?"

"என்னத்தச் சொல்றது?"

வசுமதி கோப்பைத் திறந்து முதல் தாளை எடுத்தாள். "நாய் எதுக்கு வேணும்னு மனுவுல ஒரு கேள்வி இருக்கு."

"தெரிஞ்சதுதானே. பயம், நடுக்கம், தூக்கமில்ல..."

"அதெல்லாம் டாக்டர் எழுதினது. இவரு கைப்பட எழுதினது ஒரே வரி."

மழைத்துளி படாமல் தாளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு வசுமதி வாசித்தாள்.

"'என் பொண்டாட்டி நாலு எடம் போய்ட்டு வரணும்.'"